திரு. நாகையா மறுப்பு தெரிவிக்கவில்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாகையாவின் கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் வந்தார்கள்.

"ரெண்டு சோறு, ஒரு மட்டன், ஒரு மீன், முட்டை உடையாம!" என்று அவர் முன்னால் நின்று குரல் கொடுத்தால், அது மேசைகளைத் தாண்டி, தடித்த சுவரைத் தாண்டி, பின்கட்டில் அடுப்பு முன் நிற்கும் மாரியாயியிடம் போய்ச் சேரும். "வருது!" என்று அவள் திருப்பிக் கத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான். சண்டை போட்ட நாள்களில் "வருது" கொஞ்சம் தாமதமாக வரும். மற்றபடி குறையில்லை.

பிறகு நாகையாவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் கட்டியை எடுத்தார்கள். கொசுறாகக் குரலையும் எடுத்துக்கொண்டார்கள். உயிர் மிஞ்சியதே லாபம் என்று எல்லோரும் சொன்னார்கள். நாகையா எதுவும் சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பியதும் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தார். அவர் பின்னால் போனால் முன்னால் ஆள் இல்லை. முன்னால் நின்றால் பின்னால் சேதி இல்லை. வேலைக்கு ஆள் வைக்கலாம் என்றால் வெளிநாட்டு ஆள் எடுக்கும் பெர்மிட் நின்றுபோயிருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஏர்கான் உள்ள கடைதான் பிடித்தது. பழைய வாடிக்கையாளர்கள் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். மறுவாரம் எதிர்க்கடையில் உட்கார்ந்து பொறுத்தார்கள்.

"கடைய மூடிட்டா நீங்க கூரையப் பார்த்துக்கிட்டு உக்காந்துருவீங்க" என்றாள் மாரியாயி. "நானும் பக்கத்துல உக்காந்து கூரையத்தான் பாக்கணும். எனக்கு நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல செவரு. இதுதாங்க பழக்கம். இது போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டது இவ்வளவுதான். நாகையாவின் சேதி மாரியாயிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தச் சுவரைத் தாண்டினால் போதும்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். அம்பாங்கில் ஒரு கடைக்குப் போய், கையில் பிடித்து ஆர்டர் எடுக்கும் கருவி ஒன்று, அடுப்படியில் வைக்கும் சின்ன அச்சுப்பெட்டி ஒன்று, இரண்டையும் சேர்த்துவைக்கும் வைஃபை பெட்டி ஒன்று என மூன்றையும் விலை பேசினாள். விற்றவன் கடைசியில் கூடுதல் பேட்டரியையும் சும்மா கொடுத்து, "போதும் லா ஆன்டி, நானும் புள்ளகுட்டிக்காரன்" என்று கும்பிட்டான்.

முதல் நாள் மத்தியானம் நாகையா கண்ணாடித் திரையில் விரலால் தட்டினார். பின்கட்டில் அச்சுப்பெட்டி கிர்ரென்று சீட்டைத் துப்பியது.

"வந்துருச்சுங்க!" என்று மாரியாயி கத்தினாள்.

மட்டனா மீனா என்று சொல்லவில்லை. வந்துவிட்டது என்பதுதான் சேதி. சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் கை தட்டினார்கள், ரசம் தெறித்தது. நாகையா முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த ஒரு மேசையை வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை சங்கத்துக் காவலாளி வந்து மூன்று பெட்டிகளையும் பையில் போட்டு முத்திரை வைத்தான்.

சங்கம் என்றால், கிள்ளான் பள்ளத்தாக்கு வாழையிலை உணவகச் சங்கம். நாகையாவின் கடை இருந்த கட்டடம் அதற்குச் சொந்தம். சிறு உணவகங்களின் நலனுக்காகத் தொடங்கப்பட்ட சங்கம் என்பதால் உணவகங்களைக் கீழ்த்தளத்தில் வைத்து, தான் மேல்தளத்தில், தாளிக்கும் நெடி ஏறி வராத உயரத்தில் இருந்தது.

"கட்டட விதிப்படி அலை பரப்புற எந்தச் சாதனமும் அனுமதி இல்லாம வைக்கக்கூடாது அங்கிள்" என்றாள் செயலாளர் கௌசல்யா. கெட்ட பெண் இல்லை. விதிப் புத்தகத்தைப் படித்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் எல்லாக் கெட்ட செய்தியும் அவள் வாயால் வந்தது.

"எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கே, அது அலை இல்லையா?" என்றாள் மாரியாயி.

"அது தனிநபர் அலை ஆன்டி. இது வணிக அலை."

ஆனாலும் சங்கம் இரக்கமற்றது அல்ல. நாகையாவின் பிரச்சினைக்காகவே ஒரு துணைக்குழு அமைத்தது. உணவகக் கையடக்கக் கருவிகளுக்கான கம்பியில்லாத் தொழில்நுட்பத் தேர்வுத் துணைக்குழு. தலைவராக கிள்ளான் திருச்செல்வம் நியமிக்கப்பட்டார். அவர் எவர்சில்வர் மொத்த வியாபாரி. மகன் வீட்டில் சிசிடிவி பொருத்திய நாள் முதல் சங்கத்தின் தொழில்நுட்ப நிபுணராகவும் இருந்து வந்தார்.

முதல் கூட்டத்தைச் சங்கத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற ராதாகிருஷ்ணன், தொடங்கி வைத்தார். "நாகையா, கவலப்படாதீங்க. உங்களுக்குப் பேச்சு போனா என்ன? நாங்கதான் உங்க குரல்" என்று சொல்லி, அந்தக் குரலில் மதியம் வரை பேசினார்.

அடுத்து திருச்செல்வம் எழுந்தார். "வைஃபை இருக்கு. புளூடூத் இருக்கு. பழைய ரேடியோ அலை இருக்கு. எது நல்லதுன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணக்கூடாது. நம்ம நாகையா அண்ணன் கடையில ஒண்ணு வச்சாரு, அது வேல செஞ்சிச்சு. வேல செய்யுதுங்கறது ஒரு காரணமே இல்ல. எதனால வேல செய்யுதுன்னு சங்கத்துக்குத் தெரியணும். தெரியாம ஒரு பொருள் வேல செஞ்சா, அப்புறம் சங்கம் எதுக்கு?"

கடற்கரை ஊரான கிள்ளானின் கிளைக்காரர் ஒருவர், கோலாலம்பூர்க்காரன் தேர்ந்தெடுத்த அலை கிள்ளானில் எடுபடாது, எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது என்றார். கோலாலம்பூர்க்காரர்கள் உப்பைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

நடுவில் நாகையா கையைத் தூக்கினார். ஒரு சீட்டை நீட்டினார். 'வேலை செஞ்சதத் திருப்பிக் குடுங்க' என்று அதில் எழுதியிருந்தது.

திருச்செல்வம் சீட்டை வாங்கவில்லை. "எழுதிக் குடுக்கறதுன்னா கூட்டத்துக்கு முந்தியே குடுக்கணும் அண்ணே. கூட்டத்துல சொல்றதுன்னா வாயால சொல்லணும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு விதியில இல்ல."

கடைசி வரிசையிலிருந்து மாரியாயி எழுந்தாள். "அவருக்குப் பதிலா நான் சொல்றேங்க."

"கடை அவரு பேருல இருக்கும்மா. நீங்க பார்வையாளர். பாருங்க."

அவள் பார்த்தாள். கௌசல்யா கூட்டக் குறிப்பில் எழுதினாள்: வைஃபை, புளூடூத், ரேடியோ ஆகிய மூன்றையும் ஆராய ஒருமனதாக முடிவானது. திரு. நாகையா மறுப்பு தெரிவிக்கவில்லை.

ஆராய்ச்சி நாகையாவின் கடையிலேயே நடந்தது. முதல் சோதனை மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, ஈ மட்டும் உட்கார்ந்திருந்த நேரத்தில். சிக்னல் முழுசாக இருந்தது. இரண்டாவது சோதனை வெள்ளிக்கிழமை மத்தியானம். கூட்டம் வேண்டுமே என்று துணைக்குழு உறுப்பினர்களே குடும்பத்தோடு வந்து எல்லா மேசையிலும் உட்கார்ந்து, ஆராய்ச்சி என்பதால் காசு கொடுக்காமல் சாப்பிட்டார்கள். சிக்னல் விழுந்தது.

திருச்செல்வம் கை கழுவிவிட்டு வந்து முடிவை அறிவித்தார். "மனுஷ உடம்புல முக்காவாசி தண்ணி. தண்ணி அலையக் குடிச்சிரும். இது விஞ்ஞானம். அதுலயும் நம்ம ஆளுங்க ரசத்த வேற ரெண்டு தடவ வாங்கிக் குடிக்கிறாங்க. ஆக, அலைக்கு எதிரி யாரு? வாடிக்கையாளர்!"

"அவங்க இல்லாம எதுக்குய்யா ஆர்டர் எடுக்கணும்?" என்று மாரியாயி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பார்வையாளர் கேள்வி கேக்கக்கூடாதும்மா."

துணைக்குழுவின் பரிந்துரைப்படி நாகையாவின் கடையில் மேசைகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. ஒல்லியானவர்களைச் சுவரோரம் உட்கார வைக்கும்படி ஒரு துணைப் பரிந்துரையும் இருந்தது. அது நாகரிகம் கருதி நிறுத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அனுமதி தரப்படவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை நல்ல நாள் பார்க்காமல் தொடங்குவதா என்று டத்தோ கேட்டார். நாள் பார்க்கப்பட்டது. வைஃபை பெட்டிக்குக் குங்குமம் வைத்து, அதன் இரண்டு கொம்புகளுக்கும் தனித்தனியாகச் சின்ன மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தபோது தண்ணீர் பெட்டி மேல் தெறித்தது. பெட்டி ஒருமுறை கண் சிமிட்டி அடங்கியது. நல்ல சகுனம் என்றார்கள். வேறு பெட்டி வாங்கினார்கள்.

பூசை போட்ட பொருளைச் சட்டி பானை நடுவே வைக்க முடியுமா? ஈசான மூலையில் அதற்கு ஒரு சாமி அலமாரி செய்தார்கள். முழுக்க எவர்சில்வர். கதவும் எவர்சில்வர். திருச்செல்வத்தின் கடையிலிருந்து வந்தது. 'உபயம்: டத்தோ ராதாகிருஷ்ணன்' என்று நெற்றியில் வெட்டியிருந்தது. உள்ளே அம்மன் படம், விளக்கு, வைஃபை பெட்டி. கதவைச் சாத்தினார்கள். சிக்னல் செத்தது.

கதவைத் திறந்து வைக்கலாமே என்று கௌசல்யா மெதுவாகச் சொன்னாள். பூசை நேரம் தவிர மற்ற நேரத்தில் நடை திறப்பது முறையல்ல என்று டத்தோ விளக்கினார். ஆகவே காலையில் சற்று நேரமும் மாலையில் சற்று நேரமும், சாம்பிராணி போடும்போது மட்டும் ஆர்டர் எடுக்கலாம் என்று முடிவானது. அந்த நேரத்தில் வந்த ஒருவர் மட்டன் கேட்டார். நாகையா திரையைத் தட்டும்போது மணி அடித்தது. வாடிக்கையாளர் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மட்டனை மாற்றிப் பருப்பு சொன்னார்.

மாரியாயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கருமம், நம்ம சண்ட போட்டாக்கூட இவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்லங்க" என்றாள். நாகையா அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

இறுதிக் கூட்டத்தில் துணைக்குழு தன் முடிவைச் சமர்ப்பித்தது. திருச்செல்வம் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"வைஃபை அலமாரிய விட்டு வெளிய வரல. புளூடூத் கூட்டத்துக்குள்ள போகல. ரேடியோவுல டாக்ஸிக்காரங்க பேச்சுதான் கேக்குது. ஆனா ஒண்ணு கவனிச்சோம். சிம் கார்டு போட்ட கருவி ஒண்ண இங்கருந்து தட்டிப் பார்த்தோம், கிள்ளான்ல எங்க கிளை ஆபீஸ்ல கண்ணாடி மாதிரி வந்திச்சு. அப்ப பிரச்சின அலையில இல்ல. அடுப்படியிலதான்! அடுப்படி தப்பான எடத்துல இருக்கு."

பத்தடி தூரத்தில் இருந்த அடுப்படியை அகற்றிவிட்டு, கிள்ளானில் எல்லாக் கடைகளுக்கும் ஒரு மத்திய சமையற்கூடம் அமைப்பது என்று தீர்மானம் வந்தது. தொழில்நுட்பம் கோலாலம்பூர்த் தேர்வு, அடுப்படி கிள்ளான் கிளையில். இரண்டு தரப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டன. அடுப்படியை இழக்கும் சமையல்காரர்களுக்குக் கிள்ளானில் வேலை உறுதி என்றார் டத்தோ. "மாரியாயி அம்மாவுக்கு முதல் வேலை. கையுறை, தலைக்கு வலை, எல்லாம் சங்கமே குடுக்கும். யாரு செய்வா இந்தக் காலத்துல?"

நாகையா எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் விரித்து, சுவர் இருக்கும் திசையைக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார். பிறகு தன்னை. சபை மரியாதையோடு காத்திருந்தது. வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. திரு. நாகையா மறுப்பு தெரிவிக்கவில்லை.

புது ஏற்பாட்டில் எல்லாம் சரியாக வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். நாகையா பிரிக்பீல்ட்ஸில் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் கிள்ளானில் சீட்டு வந்தது. சோறுதான் ஃபெடரல் ஹைவே வழியாக வர வேண்டியிருந்தது. வழியில் ஷா ஆலமில் மழை என்றால் பிரிக்பீல்ட்ஸில் பசி. வெறும் இலையைப் பார்த்தபடி வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள். ஒரு சம்பந்தம்கூடப் பேசி முடிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். சிலர் வரும்போதே பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மாரியாயியைச் சங்கத்து வேன் விடியுமுன் ஏற்றிக்கொண்டு போகும். அவள் திரும்பி வந்து, கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவிப் படுத்த பிறகுதான் நாகையா கடையடைத்து வீடு வருவார். அவர் எழுந்திருக்கும்போது அவள் பாய் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவரையொருவர் தூங்கும்போது பார்த்துக்கொண்டார்கள்.

கருவியில் ஆர்டருக்குக் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. உப்பு குறைவாக, வெங்காயம் வேண்டாம் என்று போடுவதற்கு. ஒருநாள் நாகையா அதில் தட்டினார்: சாப்பிட்டியா?

கிள்ளானில் அந்தக் குறிப்பு சீட்டில் அச்சாகி, மாரியாயியின் கைக்கு வந்து, பொட்டலத்தின் மேல் ஒட்டப்பட்டு, ஹைவே வழியாகத் திரும்பி பிரிக்பீல்ட்ஸ் மேசைக்கே வந்தது. சாப்பிட வந்தவர் படித்துவிட்டு, "இன்னும் இல்ல பாஸ், அதுக்குத்தானே வந்தேன்" என்றார்.

ஆனால் அது அவள் கை வழியாகப் போய் வந்திருந்தது. நாகையாவுக்கு அது போதுமாக இருந்தது. பதில் அனுப்ப அவளிடம் வழி இல்லை. இருவழிக் கருவியைவிட ஒருவழிக் கருவி மலிவு என்று துணைக்குழு அதையே வாங்கியிருந்தது. அவர் தினமும் தட்டினார். பசி, மழை, கால், மருந்து என்று வீட்டில் சொல்ல நேரமில்லாத எல்லாவற்றையும் ஊரார் சாப்பாட்டோடு சேர்த்து அனுப்பினார்.

மத்திய சமையற்கூடத்துக்கு ஒரு தர விதி இருந்தது. நாகையாவுக்கு அது தெரியாது. குறிப்போடு வரும் ஒவ்வோர் ஆர்டரும், அதைச் சமைத்தவர் மீதான ஒரு குறை.

விசாரணைக்கு இருவரையும் மேல்தளத்துக்கு அழைத்தார்கள். வெகுநாள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாரியாயி தலையில் இருந்த வலையைக் கழற்ற மறந்திருந்தாள். "எளச்சிட்டீங்க" என்று மெல்லச் சொன்னாள்.

"சங்கத்துலயே அதிகமான குறை உங்க மேலதான் வந்திருக்கும்மா" என்றார் திருச்செல்வம். "அதுவும் எல்லாம் ஒரே கடையில இருந்து. சொந்த வீட்டுக்காரரே இவ்வளவு குறை சொன்னா, நாங்க என்ன பண்றது?"

டத்தோ குறைகளைப் படிக்கச் சொன்னார். கௌசல்யா படித்தாள்.

"சாப்பிட்டியா? கால் வீக்கம் வத்திச்சா? மழை வருது, குடை எடுத்தியா? மாத்திரை அலமாரி மேல இருக்கு. நேத்து தூக்கத்துல இருமுன. நீ இல்லாம அந்தப் பக்கம் ரொம்ப..." 

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாள்.

டத்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாமே ஒழுங்கான கேள்விதான்" என்றார். "ஒண்ணுக்காவது பதில் போட்டிருக்கணும். வாடிக்கையாளர் கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட்டது ஊழியரோட தப்பு."

நாகையா அப்போதுதான் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். எழுந்தார். உள்ளங்கையால் மேசையை அடித்தார். மறுபடி அடித்தார். கை சிவக்கும்வரை அடித்தார். மாரியாயி அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கூட்டக் குறிப்பு சொல்கிறது: மாரியாயி அம்மையாரைப் பணியிலிருந்து விடுவிப்பது என முடிவானது. திரு. நாகையா மறுப்பு தெரிவிக்கவில்லை. மேசையைத் தட்டி ஆதரவு தெரிவித்தார். கடைசி வரியை டத்தோ சொல்லச் சொல்ல கௌசல்யா எழுதினாள். அடுத்த மாதம் அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாரியாயி பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வந்தாள். பின்கட்டுக்குப் போகப் பார்த்தாள். அங்கே பூட்டு தொங்கியது. திரும்பி வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் மேசை ஒன்றில் உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன்பக்கம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று தெரியாதவளைப்போலச் சுற்றிப் பார்த்தாள்.

நாகையா இலை போட்டார். தண்ணீர் தெளித்தார்.

"ஒரு சோறு. ஒரு மீன்" என்றாள்.

அவர் தட்டினார். குறிப்புக் கட்டம் வந்தது. விரல் அதன் மேல் நின்றது. அங்கே இப்போது படிக்க ஆள் இல்லை. காலியாகவே அனுப்பினார். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருவரும் கிள்ளானிலிருந்து சோறு வரும்வரை காத்திருந்தார்கள்.

சோறு வந்தது. அவள் பிசைந்தாள். அவள் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்த குழம்பு. கிள்ளானில் வேறு யாரோ வைத்தது. ஒரு வாய் வைத்தாள், நிதானமாக மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். பிறகு இலையின் தன் பக்கத்துப் பாதியைத் தூக்கி, எதிர்ப்பக்கமாக மூடினாள். சாவு வீட்டில் மூடுகிற மாதிரி.

நாகையா அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மற்ற இலைகளை எடுப்பதுபோலவே அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, மேசையைத் துடைத்தார். வாசலில் யாரோ இடம் தேடி நின்றிருந்தார்கள்.